நான் போடாத நாத்தனார் முடிச்சு

நாலு வருஷம் முன்னாடி, ஒரு ஆவணி மாசம், குடியாத்தத்துல ஒரு கல்யாண மண்டபத்துல நடந்த விஷயம் இது. கல்யாணம் என் தம்பிக்கு. எங்கம்மா அதுக்கு ரொம்ப முன்னாடியே போய்ச் சேந்துட்டாங்க. அப்பா இருந்தாரு, ஆனா எதைக் கேட்டாலும் "அவங்க அக்காவ கேளுங்க"ன்னு சொல்லிட்டு பேப்பரைப் பிரிச்சிக்குவாரு. பொண்ணு பாக்கறதுல இருந்து பந்தியில வடை பத்துமான்னு எட்டிப் பாக்கறது வரைக்கும் எல்லாமே நான் தான். அப்படி எல்லாத்துக்கும் முந்திக்கிட்டு நின்னவ, நின்னே ஆகவேண்டிய ஒரு நிமிஷத்துல மட்டும் நிக்கலை. அதைத்தான் சொல்ல வந்தேன். கொஞ்சம் பொம்பளைங்க சமாச்சாரம் வரும். ஆம்பளைங்களும் படிக்கலாம், படிச்சா நல்லதுதான்.

எனக்கு ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில வேலை. ஷூவோட மேல் பாகம், அப்பர்னு சொல்லுவாங்க, அதைத் தைக்கற செக்‌ஷன். அப்போ என் பொண்ணு நடந்து ஓடி வீட்டை ரெண்டாக்கற வயசு. அவளை ஸ்கூல்ல சேத்துட்டு அடுத்ததைப் பத்தி யோசிக்கலாம்னு நானும் வீட்டுக்காரரும் முடிவு பண்ணியிருந்தோம். மாமியாருக்கு மட்டும் சொல்லலை. அவங்க எங்க கூடவே இருக்கறவங்க. "ஒத்தப் புள்ளையா விட்டா எப்படி? அதுக்கும் ஒரு தோஸ்த் வேணாமா?"ன்னு வாரத்துக்கு ஒரு தடவை ஆரம்பிப்பாங்க. "அம்மாகிட்ட சொல்லாத, பேஜாராயிடும்"னு வீட்டுக்காரர் சொல்லிட்டாரு. நானும் தினம் ஒரு மாத்திரையை ரகசியமா முழுங்கிட்டு கம்பெனி பஸ் ஏறிக்கிட்டிருந்தேன்.

அந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கலை. காலையில முழுங்கிட்டுப் போய் மெஷின்ல உக்காந்தா, பக்கத்து டேபிள்ல ஒட்டறதுக்கு வெச்சிருக்கற சொல்யூஷன் வாடை இருக்கே, அது மூக்குல ஏறினதும் கொடலே வெளிய வர்ற மாதிரி பொரட்டும். சும்மாவே அந்த வாடைக்கு தலை கனக்கும். இதுல மாத்திரை வேற. சில நாள் மாத்திரை போடவே மறந்துடுவேன், அப்புறம் அந்த மாசம் பூரா பயந்து சாவேன். பக்கத்து மெஷின்ல ஒரு பாய் வீட்டு அக்கா. "இன்னாடி, மூஞ்சி இப்டி வெளுத்துக் கெடக்கு? மூணு மாசத்துக்கு ஒரு ஊசி இருக்கு, போய் போட்டுக்க. தெனம் முழுங்கற தொல்லை இல்ல"ன்னு அவங்கதான் சொன்னாங்க.

கவர்மென்ட் ஆஸ்பத்திரி நர்சம்மாகிட்ட போனேன். எல்லாம் விசாரிச்சு, பிரஷர் பாத்துட்டுத்தான் போட்டாங்க. போடறப்பவே சொன்னாங்க. மொதல்ல கொஞ்ச மாசம் முன்னப்பின்ன ஆகும், சிலருக்கு சொட்டு சொட்டா பட்டுக்கிட்டே இருக்கும், சிலருக்கு வராமயே கூட போகும், ரெண்டுக்கும் பயப்படக் கூடாது, ஜாஸ்தியா போனா உடனே வரணும். "எது ஆனாலும் என்கிட்ட வா. நீயா கடையில எதையாவது வாங்கிப் போட்டுக்காத"ன்னு ரெண்டு தடவை சொன்னாங்க. நான் நல்ல பிள்ளை மாதிரி தலையாட்டினேன். மனசு பூரா தம்பி கல்யாணத்துக்கு எந்த கலர்ல பட்டு எடுக்கறதுன்னு ஓடிக்கிட்டிருந்துச்சு.

சொன்ன மாதிரியே ஆச்சு. ஒரு வாரம் இருக்கும், நிக்கும், ரெண்டு நாள்ல திரும்ப ஆரம்பிக்கும். ரொம்ப இல்ல, கறை படற அளவுக்குத்தான். ஆனா எங்க கம்பெனியில போடற கோட்டு வெளிர் கலரு. டார்கெட் முடியாம எழுந்திருச்சா லைன் சூப்பர்வைசர் மொறைப்பாரு. நாள் பூரா பின்னாடி கறை பட்டிருக்கோன்னு தடவிப் பாத்துக்கிட்டே தைக்கறது எப்படி இருக்கும்னு உக்காந்து பாத்தாத்தான் தெரியும். கோவம் வேற பொத்துக்கிட்டு வரும். தண்ணி டம்ளரை கீழ வெச்ச சத்தத்துக்கு வீட்டுக்காரரைப் பிடிச்சு கத்தியிருக்கேன். பாவம் மனுஷன்.

இதுல கல்யாணம் நெருங்கிடுச்சு. தம்பிக்கு முன்னாடி ஒரு இடம் நிச்சயமாகி, பத்திரிகை அடிக்கக் குடுக்கற நேரத்துல நின்னு போயிருந்துச்சு. அந்தப் பொண்ணு எங்க சொந்தம். அப்புறமா அமைஞ்சதுதான் இந்த குடியாத்தம் பொண்ணு. அவங்க தறிக்காரங்க. அவங்க அம்மா பவர்லூம்ல லுங்கி மடிக்கற வேலைக்குப் போறவங்க. நிச்சயத்தன்னைக்கு அந்த சம்மந்தி அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "மாமியார் இல்லாத வீடுன்னு சொன்னாங்க. நீங்கதாம்மா என் பொண்ணுக்கு மாமியார் எடத்துல இருந்து பாத்துக்கணும்"னு சொன்னாங்க. என் வயசோட அதுல பாதியைக் கூட்டினா அவங்க வயசு. அவங்க என்னைப் பாத்து அப்படிச் சொன்னதும் எனக்கு ஒரு பெருமை, மறைப்பானேன்.

எங்க பக்கம் தாலி கட்டறப்போ மாப்பிள்ளை ஒரு முடிச்சு போடுவாரு, மீதி ரெண்டும் நாத்தனார் போடணும். பொண்ணுக்குப் பின்னாடி விளக்கைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறதும் நாத்தனார்தான். நான் ஒரே அக்கா. அந்த நேரத்துல நான் தூரமா, வீட்டு விலக்கா இருந்தா என்ன பண்றது? ஏற்கெனவே ஒரு கல்யாணம் நின்னு போன வீடு. தீட்டோட முடிச்சு போட்டு, நாளைக்கு அவங்களுக்குள்ள ஒரு சின்ன சண்டை வந்தாக்கூட நான் தான் காரணம்னு என் மனசே என்னைத் தின்னுடும். மூடநம்பிக்கைன்னு சொல்லுவீங்க. சொல்லுங்க. அன்னைக்கு எனக்கு அது நிஜ பயம்.

அப்போ நான் என்ன பண்ணியிருக்கணும்? நேரா நர்சம்மாகிட்ட போயிருக்கணும். போகலை. கம்பெனியில லீவு கேக்கணும், கல்யாண லீவே போராடி வாங்கியிருந்தேன். வேலூர் லாங் பஜாருக்கு ஜவுளி, பாத்திரம் வாங்கப் போனப்போ, கூட வந்தவங்களை ஜாக்கெட் துணி கடையில உக்கார வெச்சுட்டு, ஒரு மருந்துக் கடையில போய் நின்னேன். வண்டி ஹாரன் சத்தத்துல நான் முணுமுணுத்தது அந்தக் கடைக்காரருக்குக் கேக்கலை. ரெண்டாவது தடவை கொஞ்சம் சத்தமா, "வீட்ல கல்யாணம், தள்ளிப் போடற மாத்திரை"ன்னேன். சுத்தி நின்ன ஆம்பளைங்க எல்லாம் திரும்பின மாதிரி இருந்துச்சு. அவர் ஒண்ணும் கேக்கலை, பேப்பர் கவர்ல போட்டுக் குடுத்தாரு. ஊசி போட்டிருக்கேன்னு நானும் சொல்லலை. வாங்கினதும் கூட்டத்துக்குள்ள ஓடிட்டேன்.

மாத்திரை போட்டதும் நின்னுடுச்சு. அப்பாடான்னு இருந்துச்சு. ஆனா உடம்பு என்னமோ பண்ணுச்சு. தலைவலி, மாரு கல்லு மாதிரி கனம், சோத்தைப் பாத்தாலே குமட்டல். பத்திரிகை வெக்க கலவைங்கற ஊர் வரைக்கும் போன அன்னைக்கு பஸ்ஸை நிறுத்தச் சொல்லி ரோட்டோரம் வாந்தி எடுத்தேன். கல்யாணத்துக்கு கொஞ்ச நாள் முன்னாடி யோசிச்சேன்: அதான் நின்னுடுச்சே, இன்னும் எதுக்கு இந்தக் கருமத்தை முழுங்கணும்? நிறுத்திட்டேன். அந்த மாத்திரை போடற வரைக்கும்தான் தள்ளும், நிறுத்தினா ரெண்டு மூணு நாள்ல வந்துடும்ங்கற சின்ன விஷயம் எனக்குத் தெரியலை. யார்கிட்டயாவது கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்.

கல்யாணத்தன்னைக்கு காலையில மண்டபத்து ரூம்ல அரக்கு கலர் பட்டுப் புடவையைப் பாதி கட்டிக்கிட்டிருக்கேன், எனக்குத் தெரிஞ்சு போச்சு. சொட்டு இல்ல, நல்லாவே. கொசுவத்தைக் கையில பிடிச்சபடி அப்படியே நின்னேன். வெளிய நாதஸ்வரம். "நாத்தனாரக் கூப்பிடுங்க, விளக்கு எடுக்கணும்"னு அய்யர் சொல்றது கேக்குது. கதவுக்கு வெளிய என் மாமியார்.

"நான் தூரம்"னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். எந்தப் பொம்பளையும் அதுக்கு மேல ஒண்ணும் கேக்க மாட்டா. ஆனா என் மாமியார் கேப்பாங்க. ஆடி கடைசியிலதான் நான் தூரமா இருந்தேன்னு அவங்களுக்குத் தெரியும். அதுக்கப்புறம் பட்டதெல்லாம் நான் மறைச்சது. "அதுக்குள்ள எப்படிடி?"ன்னு ஆரம்பிச்சா ஊசி வெளிய வரும். மண்டபத்துல, சம்மந்தி வீட்டாளுங்க முன்னாடி அந்தப் பஞ்சாயத்து வேணுமா? கதவைத் திறந்து, "தலை சுத்துது அத்தை, வாந்தி வர்ற மாதிரி இருக்கு, என்னால நிக்க முடியாது"ன்னுட்டேன்.

மாமியார் மூஞ்சி ஒரு நிமிஷம் பயந்துச்சு, அடுத்த நிமிஷம் மலந்துச்சு. "அடியே, மாசமா?"ன்னு காதுகிட்ட வந்து கேட்டாங்க. நான் ஆமான்னும் சொல்லலை, இல்லைன்னும் சொல்லலை. அவங்களே என்னை நாற்காலியில உக்கார வெச்சுட்டு, எங்க பெரியப்பா பொண்ணைக் கூப்பிட்டு விளக்கைக் குடுத்துட்டாங்க.

ரூம் கதவோரம் நின்னு பாத்தேன். கெட்டிமேளம் கொட்டுச்சு. தம்பி ஒரு முடிச்சு போட்டுட்டு, தாலிக் கயித்தை விடாம பொண்ணுக்குப் பின்னாடி எட்டிப் பாத்தான். அங்க நான் இல்ல. ஒரு நொடி திகைச்சான். அய்யர் ஏதோ சொன்னாரு, கயித்தை விட்டான். பெரியப்பா பொண்ணு மீதி முடிச்சைப் போட்டா. எல்லாரும் அட்சதை போடறாங்க, எனக்கு கையில இருந்த அரிசியைப் போடக் கூட முடியலை. குலுங்கிக் குலுங்கி அழுதேன். அப்போ சம்மந்தி அம்மா மணமேடையில நின்னுக்கிட்டு, பொண்ணைப் பாக்காம என்னையே பாத்துக்கிட்டிருந்தாங்க. என் உடம்பு சரியில்லைன்னு கவலைப்படறாங்கன்னு நெனச்சேன்.

மத்தியானம் அவங்களே மோர் எடுத்துக்கிட்டு ரூமுக்கு வந்தாங்க. "எங்க சைடுல ஏதாவது கொறை வெச்சிட்டோமா? எதா இருந்தாலும் சொல்லிடும்மா"ன்னாங்க. "அய்யோ, ஒண்ணும் இல்லம்மா, தலைசுத்தல்தான்"ன்னேன். மோரைக் குடிச்சிட்டு படுத்துட்டேன்.

ரெண்டு வாரம் கழிச்சு நான் மாசமா இல்லைன்னு என் மாமியாருக்குத் தெரிஞ்சு, அவங்க பெருமூச்சு விட்டுக்கிட்டே பாக்கறவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டாங்க. நான் நர்சம்மாகிட்ட போனேன். அவங்க தலையில அடிச்சுக்கிட்டாங்க. "மாத்திரையை நிறுத்தினதால வந்ததுடி அது. ஊசி போட்டிருக்கறவ, அதுக்கு மேல இன்னொண்ணைப் போட்டுக்கலாமா வேணாமான்னு என்னைக் கேக்க மாட்டியா? முன்னாடியே வந்திருந்தா டாக்டரம்மாகிட்ட காட்டி ஒரு வழி பண்ணியிருப்பேன்ல"ன்னாங்க. "அப்போ அது தூரமே இல்லையா?"ன்னு நான் கேட்டேன். "அதை என்னைக் கேக்கற? எனக்கு ரத்தம் மட்டும்தான் தெரியும், உங்க சாமி கணக்கு எனக்குத் தெரியாது"ன்னு சிரிச்சாங்க. அடுத்த ஊசிக்கு அப்புறம் அந்தத் தொல்லை மெல்ல மெல்ல கம்மியாகி நின்னே போச்சு. நானும் அந்தக் கல்யாண விஷயத்தை விழுங்கிட்டேன். தம்பிகிட்ட கூட சொல்லலை. தம்பிகிட்ட இதை எப்படிச் சொல்றது?

அதுக்கப்புறம் சம்மந்தி அம்மா எங்க வீட்டுக்கு அடிக்கடி வருவாங்க. பண்டிகைக்கு என் வீட்டுக்காரருக்கு லுங்கி, என் பொண்ணுக்கு பாவாடை, ஒரு டப்பா முறுக்கு. நாற்காலியில நுனியிலதான் உக்காருவாங்க. "என் பொண்ணு ஒழுங்கா நடந்துக்கறாளாம்மா? உங்க மனசுக்குப் புடிச்ச மாதிரி இருக்காளா?"ன்னு கேப்பாங்க. "இன்னாம்மா, ஒவ்வொரு தடவையும் குவாலிட்டி செக்கிங்கா?"ன்னு நான் கிண்டல் பண்ணுவேன். அவங்க சிரிக்க மாட்டாங்க. ஒரு தடவை என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "தெரியாம ஏதாவது தப்பு பண்ணியிருந்தா மன்னிச்சிடும்மா, அவளை ஒதுக்கிடாத"ன்னாங்க. வயசானவங்க இப்படித்தான் எதையாவது நெனச்சு உருகுவாங்கன்னு நான் டீ போடப் போயிட்டேன். அவங்களுக்கு குடுக்கற குணம், பணிவு ஜாஸ்தின்னு ஊரெல்லாம் பெருமையா வேற சொல்லிக்கிட்டிருந்தேன்.

தம்பிக்குக் கொழந்தை பொறந்து மூணு மாசத்துல, தறிக் கொட்டகையில வேலையில இருக்கறப்பவே அவங்களுக்கு நெஞ்சுவலி வந்துச்சு. ஆஸ்பத்திரி போற வழியிலேயே போயிட்டாங்க. கூட்டத்தோட கூட்டமா நானும் போய் மாலை போட்டுட்டு வந்தேன்.

போன வருஷம் தம்பி கொழந்தைக்கு காது குத்த நாள் குறிச்சிருந்தாங்க. தம்பி பொண்டாட்டி சாமான் லிஸ்ட் சொல்ல எங்க வீட்டுக்கு வந்தா. அவ என்கிட்ட எப்பவும் "சரிங்க அண்ணி", "ஆமாங்க அண்ணி"யோட நிறுத்திக்கறவ. அன்னைக்கு என்னமோ மூஞ்சியெல்லாம் வாடிக் கெடந்துச்சு. துருவிக் கேட்டதும் அழுதுட்டா. கொழந்தைக்குப் பால் குடுக்கறப்போ போட்டுக்கலாம்னு குடுத்த மாத்திரையில இருந்து ஊசிக்கு மாறியிருக்கா. ஒரு மாசமா விட்டு விட்டு படுதாம். "பூஜையில நான் உக்கார முடியாது போலிருக்கு அண்ணி. கடையில தள்ளிப் போடற மாத்திரை வாங்கிப் போட்டுக்கவா?"

"வாங்காத! சத்தியமா வாங்காத!"ன்னு நான் கத்தின கத்துல அவ பயந்துட்டா. அப்புறம் அவளைப் பக்கத்துல உக்கார வெச்சு, என் கதையைச் சொன்னேன். சொல்யூஷன் வாடை, ஊசி, லாங் பஜார் மாத்திரை, மண்டபத்து ரூம், எல்லாத்தையும். பயப்படாத, என்னை மாதிரி மண்டு வேலை பண்ணாத, நாளைக்கே நர்சம்மாகிட்ட போலாம்னு ஆறுதல் சொல்றதா நெனச்சுக்கிட்டு, கொஞ்சம் சிரிப்பு காட்டிக்கூட சொன்னேன். அவ சிரிக்கலை.

"அதுக்காகத்தான் முடிச்சு போடலையா அண்ணி?"

"ஆமாடி. பின்ன எதுக்கு?"

"உங்களுக்கு என்னைப் புடிக்கலைன்னு நெனச்சோம். மொதல்ல நிச்சயமான உங்க சொந்தக்காரப் பொண்ணுதான் உங்களுக்குப் புடிச்சிருந்ததுன்னும், நாங்க தறிக்காரங்கன்னு உங்களுக்கு எளக்காரம்னும் எங்க சைடுல பேசிக்கிட்டாங்க. மாசமா இருக்கீங்கன்னாங்க, அப்புறம் அதுவும் இல்லைன்னு ஆயிடுச்சு. அப்போ அது சாக்குதான்னு எங்கம்மா முடிவே பண்ணிடுச்சு."

அவ அதோட நிறுத்தலை. "எங்கம்மா சாகற வரைக்கும் அதே நெனப்புதான் அண்ணி. மாமியார் எடத்துல இருக்கறவங்க மனசாரத் தாலி முடிச்சு போடலையே, இவ எப்படி வாழப் போறாளோன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. நீங்க சமாதானமாகணும்னுதான் அவ்ளோ தடவை உங்க வீட்டுக்கு வந்துச்சு."

அந்த லுங்கி, பாவாடை, முறுக்கு எல்லாம் குடுக்கற குணம் இல்லைங்க. பயம். ஒரு தாய் என் வீட்டு வாசல் ஏறி ஏறி வந்து, பண்ணாத தப்புக்கு மன்னிப்பு கேட்டிருக்கா. நான் கிண்டல் பண்ணியிருக்கேன். அன்னைக்கு தம்பி பொண்டாட்டி மடியில மூஞ்சியை வெச்சுக்கிட்டு நான் அழுதேன். அவ என் தலையைத் தடவிக் குடுத்தா. எனக்கு அது இன்னும் அவமானமா இருந்துச்சு.

மறுநாள் அவளை நர்சம்மாகிட்ட கூட்டிட்டுப் போனேன். டாக்டரம்மா பாத்து, அவளுக்குத் தகுந்த மாதிரி சொல்லி அனுப்பினாங்க. காது குத்துக்கு முன்னாடி தம்பிகிட்டயும் எல்லாத்தையும் சொன்னேன். "இதுக்காகவாக்கா? நீ தூரமோ கிட்டமோ, எனக்கு நீதானக்கா வேணும். கூப்ட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே வந்து கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்திருப்பேன்"னான்.

அன்னைக்கு சாயங்காலமே மாமியார்கிட்டயும் ஊசி விஷயத்தைப் போட்டு உடைச்சேன். வீடு ரெண்டுபடும்னு நெனச்சேன். அவங்க கீரை ஆஞ்சுக்கிட்டிருந்தாங்க. நிமிந்து கூட பாக்கலை. "இவ்ளோதானா? உன் வீட்டுக்காரன் பொறந்த பின்னாடி நான் காப்பர் டி போட்டுக்கிட்டு நாலு வருஷம் என் மாமியாருக்கு மூச்சு விடலை. அதுல நான் பட்ட இடுப்புவலி எனக்குத்தான் தெரியும். சொல்லியிருந்தா உனக்கு ஒரு வாய் வெந்நியாவது வெச்சுக் குடுத்திருப்பேன்"ன்னாங்க. இந்த மனுஷிக்குப் பயந்துதான் நான் வாயை மூடிக்கிட்டிருந்தேன். ஒரே வீட்ல ரெண்டு பொம்பளைங்க, ஒரே விஷயத்தை ஒருத்தருக்கொருத்தர் ஒளிச்சு வெச்சிருக்கோம்.

இப்போ எங்க லைன்ல எந்தப் பொண்ணு மாத்திரையில இருந்து ஊசிக்கோ, ஊசியில இருந்து வேற ஒண்ணுக்கோ மாறினாலும் நான் விடறதில்ல. வீட்ல ஒரு ஆளுக்காவது சொல்லி வை, மொதல் கொஞ்ச மாசம் உடம்பு கோளாறு பண்ணும், நர்சம்மாவைக் கேக்காம எதையும் முழுங்காதன்னு உயிரை எடுக்கறேன். அவளுங்க என்னை "ஊசி அக்கா"ன்னு கூப்பிடறாளுங்க, கூப்பிடட்டும். தம்பி பொண்டாட்டியும் இப்போ என்கிட்ட வாய் நிறைய பேசறா, சண்டை கூட போடறா. ஆனா சொல்ல வெக்கப்பட்டு நான் முழுங்கின ஒரு வார்த்தையால, மன்னிப்பு கேக்க வேண்டிய நான் நாற்காலியில சாஞ்சு உக்காந்திருந்தேன், கேக்க வேண்டியதே இல்லாத அந்தம்மா கேட்டுக் கேட்டே போய்ச் சேந்துட்டாங்க. இப்போ நான் கேக்கலாம்னா அவங்க இல்லையே.